ஓட்டை போடாத டிரம்

தமிழில் எழுதலாம் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று, இன்ஸ்பெக்டர். இருபது வருடத்துக்கு மேல் பூனாவில் இருந்தும் என் மராட்டி இன்னும் காய்கறிக்காரரைத் தாண்டவில்லை. இதை மொழிபெயர்க்க ஆள் தேடுவீர்கள். தயவுசெய்து எங்கள் நிக்டி தமிழ்ச் சங்கத்தில் தேடாதீர்கள். அங்கே சின்னவர்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பெரியவர்களுக்குப் படிக்க வரும், படித்தது மண்டையில் ஏறாது. தவிர, அவர்களில் பாதிப் பேர் இந்த வழக்கில் சாட்சிகள்.

என் பெயர் சூர்யநாராயணன். போசரியில் கியர் சக்கரங்களைச் சூடேற்றிக் கடினமாக்குகிற ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அந்த வேலைக்கு ஒரு உப்பு வேண்டும். பார்க்கச் சமையல் உப்பு மாதிரியே இருக்கும். நீல பிளாஸ்டிக் டிரம்களில் வரும். உப்பு தீர்ந்ததும் எல்லோரும் அதைக் காலி டிரம் என்பார்கள். சட்டத்தின் கண்ணில் அது காலி இல்லை, அபாயகரமான கழிவு. கூரைக்குக் கீழே, சிமெண்ட் தரையில், மஞ்சள் லேபிள் ஒட்டி வைக்கவேண்டும். தொண்ணூறு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அனுமதி பெற்றவரிடம் மட்டும்தான் ஒப்படைக்கலாம். ஒப்படைக்கும்போது ஏழு நிறத்தில் ஏழு பிரதிகள் எழுதவேண்டும். அந்த ஏழு நிறத்தையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர் எங்கள் கம்பெனியில் நான் ஒருவன்தான். முதலாளிக்கு அது எத்தனை பிரதி என்பதே தெரியாது.

ஆனால் இந்த ஊரில் நீல டிரம்முக்கு இருக்கிற மவுசு உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் வந்தால் குழாயில் காற்று வருகிறது, தண்ணீர் டேங்கர் லாரியில் வருகிறது. பால்கனி பால்கனியாக டிரம் நிற்கிறது. அதில் முன்பு என்ன இருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. படித்தவர்கள், பெரிய சம்பளக்காரர்கள், ஔந்தில் இரண்டாவது ஃபிளாட் வாங்கியவர்கள் எல்லோரும் என்னிடம் பல்லை இளித்துக்கொண்டு ஒரு டிரம் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் நான் ஒரு வழக்கம் வைத்தேன். எங்கள் யார்டை விட்டு வெளியே போகும் டிரம் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓட்டை போட்டுவிடவேண்டும். அப்படி விதியில் எழுதியிருக்கவில்லை. அது என்னுடைய சேர்க்கை. மனிதர்களை நம்பி எழுதப்பட்ட விதிகளில் அந்த இடத்தில் ஒரு குறை இருந்தது, அதை நான் சரிசெய்தேன்.

ஓட்டை போடுவது அந்தோணியின் வேலை. நீங்கள் காவலில் வைத்திருக்கிறீர்களே, அதே அந்தோணிதான். கட்கியில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். நல்ல உழைப்பாளி, சொன்னதைச் செய்வான். சொன்னதைத் தவிர வேறு எதுவும் அவனுக்குத் தோன்றாது.

இப்போது கோவிந்தராஜன். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் சங்கத் தலைவர். தலைவர் என்றால் ஆயுள் தண்டனை மாதிரி ஆயுள் தலைவர். அவர் மனைவி கிரிஜா. ராமநவமிக்குக் கோயில் வாசலில் பந்தல் போட்டு நீர்மோர் கொடுப்பது இவர்கள் இரண்டு பேருடைய கைங்கரியம். வருடா வருடம் அவருக்கு என்னிடமிருந்து டிரம் வேண்டும். வருடா வருடம் நான் மறுத்தேன், காரணத்தையும் விளக்கிச் சொன்னேன்.

"ஏன்யா, வாஷ் பண்ணினாப் போறாதா? எங்காத்துல பீனே கா பானி, குடிக்கற தண்ணியே அந்த மாதிரி டிரம்லதான் பிடிச்சு வெக்கறோம். நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?" என்று ஒரு முறை எல்லோர் முன்னாலும் கேட்டார்.

கழுவிய தண்ணீரும் சட்டப்படி கழிவுதான், அதற்கும் தனி விதி உண்டு என்றேன். அன்றிலிருந்து எனக்கு ஓட்டை சார் என்று பெயர். குழந்தைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு என் நிஜப் பெயர் தெரியாது. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. முட்டாள்கள் வைக்கிற பெயருக்கெல்லாம் வருத்தப்படுவதற்கு எனக்கு நேரம் கிடையாது.

சென்ற வருடம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசச் சம்மதம் வாங்கியிருந்தேன். வீட்டில் தீர்ந்துபோன பேட்டரி, உடைந்த டியூப்லைட், பெயிண்ட் டப்பா இதையெல்லாம் என்ன செய்வது என்பது தலைப்பு. ஒரு மாதம் தயார் செய்தேன். படங்கள் வைத்திருந்தேன். பேட்டரிக்கு வந்து, பெயிண்ட் டப்பாவுக்கு இன்னும் வராத நேரத்தில் கோவிந்தராஜன் எழுந்து வந்து மைக்கை அணைத்தார்.

"ஓட்டை சார், சாம்பார் ஆறிடும். மிச்சத்தை வாட்ஸ்அப்ல போட்டுடுங்கோ."

கூடம் முழுக்கச் சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அவள் இப்போது கோயம்புத்தூரில் மகனோடு இருக்கிறாள், அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நானும் சிரித்துக்கொண்டே போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். சாம்பார் நன்றாகவே சூடாக இருந்தது.

இந்த வருடம் ராமநவமிக்கு ஒரு வாரம் முன்பு கிரிஜா போன் செய்தார். "அண்ணா, இவர் கேட்டா நீங்க தரமாட்டேள். நான் கேக்கறேன். போன வருஷம் க்யூல பாதிப் பேருக்கு மோரே கிடைக்கலை, பாவம். ஒரே ஒரு டிரம், ப்ளீஸ்."

சரி என்றேன். அவருக்கே நம்பிக்கை வரவில்லை, இரண்டு தடவை கேட்டார். கோவிந்தராஜன் போனை வாங்கி, "கடைசியில வழிக்கு வந்துட்டான் பாரு" என்று பக்கத்தில் யாரிடமோ சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது.

அந்த வார லோடு கிளம்புகிற அன்று எல்லா டிரம்முக்கும் ஓட்டை விழுந்தது, ஒன்றைத் தவிர. அந்தோணி என்னிடம் கேட்கத்தான் செய்தான்.

"சார், ஏக் டிரம் பாக்கி இருக்கு. இதுக்கும் ஹோல் போட்டுடவா?"

"அது இருக்கட்டும், அந்தோணி."

"டீக் ஹை சார்."

இதை அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். நீங்கள் நம்பவில்லை. பதினேழு வருடத்தில் என் யார்டில் ஒரு குறைகூட எந்த அதிகாரியும் எழுதியதில்லை, அப்படிப்பட்டவர் மேல் பழி போடுகிறாயா என்று அவனைக் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அவனை நம்பியிருக்கமாட்டேன்.

நான் நம்பி எடுத்துப்போன டிரம்மை அந்தோணி சரியாகக் கழுவவில்லை என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அது தவறு. டிரம்மை நானே கழுவினேன். சோப்புப் போட்டு, நார் வைத்துத் தேய்த்து, மஞ்சள் லேபிளின் பசைகூட இல்லாமல் எடுத்து, வெயிலில் காயவைத்தேன். புதிது போல் பளபளத்தது. ஆனால் கழுவியது வெளிப்புறத்தை மட்டும்தான். உட்புறத்தைத் தொடவில்லை. அடியில் உப்பு ஒரு அடை போலக் கெட்டியாகப் படிந்திருந்தது.

டிரம்மை அப்படியே கொடுத்தால் கிரிஜா உள்ளே எட்டிப் பார்த்திருப்பார். அவர் சுத்தம் பார்க்கிறவர், புளி போட்டுத் தேய்த்தே எடுத்திருப்பார். அதனால் எங்கள் தொழிற்சாலையின் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து நல்ல குடிதண்ணீராகவே நிரப்பி எடுத்துப் போனேன். கேட்டில் ஒருவரும் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் விடச் சொல்லும் அதிகாரமும் அங்கே எனக்குத்தான். டெம்போ நிக்டி போய்ச் சேர்வதற்குள் உப்பு கரைந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து டேங்கர் வரவில்லை. பந்தலில் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"தண்ணியும் சேர்த்துக் கொண்டு வந்துட்டேளே அண்ணா! இந்த மனசு யாருக்கு வரும்?" என்றார் கிரிஜா.

தயிரைக் கடைந்து ஊற்றினார்கள். இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை எல்லாம் விழுந்தது. கிரிஜா ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"நான் உப்புப் போட்டுட்டேனா என்ன? சரியா இருக்கே. ஞாபகமே இல்லை, வயசாயிடுத்து எனக்கு."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கிரிஜா கொஞ்சம் தயிர் சேர்த்தார், மறுபடி ருசி பார்த்தார். பெருங்காயம் சேர்த்தார், மறுபடி பார்த்தார். அத்தனை தடவை பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. அவரை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மற்றவர்கள் ஒரு டம்ளரோடு நிறுத்தினார்கள், வாந்தி எடுத்தார்கள், உதடு நீலம் பாரித்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், வீடு திரும்பினார்கள். கிரிஜாவும் வயதான மூன்று பேரும்தான் திரும்பவில்லை. நான் போட்ட கணக்கில் இந்த நான்கு பேர் கிடையாது. எல்லோரும் இரண்டு நாள் படுத்து எழுந்து, ஓட்டை ஏன் என்று தெரிந்துகொள்வார்கள் என்பதுதான் என் கணக்கு.

இதைப் பழிவாங்கல் என்று எழுதிவிடாதீர்கள். பழிவாங்குகிறவன் கோபத்தில் செய்வான். எனக்குக் கோபமே வரவில்லை. ஒரு விதியை மனிதர்களுக்கு வாயால் சொல்லிப் பார்க்கலாம், கேட்காவிட்டால் பட்டுத் தெரிந்துகொள்ள விடலாம். முதல் வழியில் நான் எத்தனையோ வருடம் முயன்றேன், அவர்கள் மைக்கை அணைத்தார்கள்.

பலன் கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். இரங்கல் கூட்டத்தில் கோவிந்தராஜன் எழுந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "சூர்யா அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னான். நாமதான் கேக்கலை. ஒரு வேலையாள் பண்ணின தப்புக்கு இவனை யாரும் ஒண்ணும் சொல்லப்படாது" என்று அழுதார். சூர்யா என்றார். கவனித்தீர்களா? அதன் பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். பேட்டரியிலிருந்து ஆரம்பித்துப் பெயிண்ட் டப்பா வரை முழுக்கப் பேசினேன். யாரும் நகரவில்லை. சில பேர் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல கூட்டம் எனக்கு அமைந்ததில்லை.

நடுவில் அந்தோணியின் மனைவி நீலா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நீங்கதான் விட்டுடுன்னு சொன்னீங்களாம். அந்த ஒரு வார்த்தை போலீஸ் தானேல போய்ச் சொல்லுங்க சார். போதும், அவ்ளோதான். அவர் உங்கள தெய்வம் மாதிரி நெனச்சிருந்தாரு."

டீ போட்டுக் கொடுத்தேன். கேஸ் நடக்கும்போது நான் எதுவும் பேசக்கூடாது என்று விளக்கினேன். டீயைத் தொடாமல் போய்விட்டாள். ஆகவே இந்த வாக்குமூலத்தை நான் அவளுக்காக எழுதுவதாக நினைத்து மனம் இளகவேண்டாம். அந்தோணி வெளியே வருவான் என்றால் வரட்டும், அது இதன் உபபலன்.

நான் எழுதுவது உங்கள் அறிக்கையைப் படித்ததனால். யார்டில் பயிற்சி போதாது, மேற்பார்வையில் அலட்சியம் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். அலட்சியம்! அரசாங்க ஆபீஸில் டீ குடித்துக்கொண்டே யாரோ எழுதிக் கொடுத்த சொல். என் யார்டில் ஒரு சொட்டு எண்ணெய் தரையில் விழுந்தால் எனக்குத் தெரியும். அந்த ஒரு டிரம் நான் விரும்பியதால் வெளியே போனது. எந்த டிரம், அதில் எவ்வளவு உப்பு, எந்தத் தண்ணீர், யார் குடிப்பார்கள், குடித்தால் என்ன ஆகும், எல்லாம் தெரிந்தே அனுப்பினேன். நான்கு பேரும் என்னால் செத்தார்கள். இதில் அலட்சியம் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். சட்டப்படி இதற்கு வேறு பெயர் உண்டு, அந்தப் பெயரைப் போடுங்கள். கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறேன்.

இன்னொன்று. எனக்கு ஈரமே இல்லை என்று நாளைக்கு வக்கீல் பேசுவார், பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். அதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன். கிரிஜாவின் பேத்தி தேஜஸ்வினிக்கு ஏழு வயது. அன்று வரிசையில் நின்று ஒரு டம்ளர் மோர் குடித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். குடித்துவிட்டு மறுபடியும் வந்து டம்ளரை நீட்டினாள். மறுபடி ஊற்றப்போன கையை நான்தான் தடுத்தேன். "ஒண்ணு போறும்மா, தொண்டை கட்டிக்கும்" என்று டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்துவிட்டு அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது நான் என்று உங்கள் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.