எட்டாம் பகுதி, வெள்ளிக்கிழமை

காபிக்குப் பால் வேண்டாம், இப்படியே குடிக்கிறேன். ஆமாம், அந்த மூன்று படங்களும் என் போனில் எடுத்தவைதான். அதை மறுத்து போலீஸ் நேரத்தை வீணாக்க மாட்டேன், இபார்ரா சார். ஹெஸ்டர் வின்ஸ்லோவின் கைப்பைக்குள் இருந்ததை நான் எதற்காக மூன்று சனிக்கிழமை படம் பிடித்தேன் என்று கேட்டீர்கள். பழக்கம்தான் காரணம்.

ஒன்பது வருடம் படப்பிடிப்புகளில் காட்சித் தொடர்ச்சி பார்த்தவள் நான். சாப்பாட்டு இடைவேளைக்கு முன் மன்னரின் கோப்பை பாதி நிறைந்திருந்தால், இடைவேளைக்குப் பிறகும் பாதிதான் இருக்க வேண்டும். ஒரு பொருளைத் தொடுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்வோம். பிறகு படத்தைப் பார்த்து இருந்த இடத்திலேயே வைப்போம்.

ஹெஸ்டரின் ‘மூடுபனித் துறை’ நாவல்கள் ஓடிடி தொடராகப் போகின்றன என்று தெரிந்ததும் நானே அதை எடுக்கும் நிறுவனத்துக்குப் போய் வேலை கேட்டேன். பதினொரு வயதில், ஃபிரெஸ்னோவில், எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் உட்கார்ந்து முதல் புத்தகத்தைப் படித்தேன். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. படகுக்காரன் துடுப்பைத் தண்ணீரில் விடும் இடம் வந்ததும் எனக்குக் குளிரெடுத்தது. அதன்பிறகு எந்த ஊரிலும் எனக்கு அவ்வளவு குளிர்ந்ததில்லை.

எழுதியவருக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் நிற்பது என் வேலையாக இருந்தது. நிறுவனம் இதுவரை எடுத்ததிலேயே செலவு பிடித்த தொடர் அது. பாலைவனத்தில் ஒரு ஆற்றையே வெட்டினோம். ஆனால் எங்கள் தலைவி ட்ரிஷ் கெல்லர்மன் ஒன்றைத்தான் பார்ப்பார். முதல் பகுதியைத் திறந்தவர்களில் எத்தனை பேர் எட்டாம் பகுதியின் கடைசி நிமிடம் வரை வந்தார்கள்? கூட்ட அறைத் திரையில் அது ஒரு கோடாகத் தெரியும்.

முதல் வருடம் அந்தக் கோடு சரிந்துகொண்டே வந்தது. ஐந்தாம் வாரம், படகுக்காரனாக நடித்த ஆல்டன் ரீஸ் சான் பெட்ரோவில் தூக்கத்திலேயே இறந்துபோனார். எண்பத்தொரு வயது, இதயம். அதில் எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த வார இறுதியில் கோடு ஏறியது. கூட்டத்தில் யாரும் காரணத்தைக் கேட்கவில்லை.

“பாவம், நல்ல மனுஷன்,” என்றார் ட்ரிஷ். “ஆனா இதப் பாருங்க.”

எல்லோரும் பார்த்தோம். இரண்டாம் சீசன் எடுக்க அனுமதி கிடைத்தது.

இந்த வருடம் மூன்றாம் பகுதிக்குள்ளேயே பாதிப் பேர் போய்விட்டார்கள். எட்டாம் பகுதி வரட்டும், பிறகு நிறுத்துவதா வேண்டாமா என்று சொல்கிறேன் என்றார் ட்ரிஷ். தச்சர்கள், தையற்காரர்கள், குதிரை பழக்குகிறவர்கள் என்று நானூறு பேர் காத்திருந்தார்கள். பேட்டிகளில் இரண்டு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லி ஹெஸ்டரைக் கேட்க ஓஹாய்க்குப் போனேன். எழுபத்து நான்கு வயதில் ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே தனியாக இருந்தார்.

“விட்டுடுங்க கண்ணு,” என்றார். “என் படகுக்காரன் ஒரு ஈயக்கூட அடிக்க மாட்டான். அவன் கையில போய் வாளக் குடுத்து சுத்த விடுறீங்க. நிறுத்தித் தொலைங்கன்னு நானே உங்க ட்ரிஷுக்கு லெட்டர் போடப் போறேன்.”

“நானூறு பேருக்கு வேலை போயிடும், ஹெஸ்டர்.”

“அவங்க வேற படத்துல குதிரை ஓட்டுவாங்க. எனக்கு வேற படகுக்காரன் கிடையாது.”

நியாயமான பேச்சு. எனக்குக் கோபமே வரவில்லை.

தேனீ கொட்டினால் அவருக்குத் தொண்டை அடைத்துவிடும். தொடையில் குத்திக்கொள்ள, பேனா மாதிரி ஒரு ஊசி எப்போதும் கைப்பையில் இருக்கும். பக்கத்துத் தோப்பில் தேன்பெட்டிகள். வேறு வீடு பார்க்கச் சொல்லி அவரிடம் நானே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் தேநீர் போட உள்ளே போனபோது பையைத் திறந்து படம் எடுத்தேன். ஊசியை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான். தேனீயை நான் கூட்டி வரவில்லை. பூத்திருந்த மரங்களுக்கு அடியில் நாற்காலி போட்டுப் பேசினோம். எதுவும் கொட்டவில்லை. கிளம்பும்போது படத்தைப் பார்த்து, சாவிக்கும் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவில் ஊசியைத் திரும்ப வைத்தேன். வாரம் முழுவதும் அது இல்லாமல் அவர் இருப்பது ஆபத்து.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. மூன்றாவது சனிக்கிழமை அவர் கழுத்தில் ஒரு தேனீ கொட்டியது.

“டெஸ், அந்தப் பை... பையக் குடு,” என்றார்.

கொடுத்தேன். கேட்டதைக் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உள்ளே இருந்ததையெல்லாம் மடியில் கொட்டித் தேடினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஏதாவது செய்வேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, படகுக்காரன் துடுப்பை விடும் அத்தியாயத்தை மனப்பாடமாகச் சொன்னேன். ஒரு வார்த்தை தப்பவில்லை. ஏழு நிமிடம் ஆகும் அதற்கு. முடித்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

அது வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை. கொட்டிக் கிடந்ததை அள்ளிப் படத்தைப் பார்த்து அடுக்கினேன். சாவி, கண்ணாடிக் கூடு, நடுவில் ஊசி. கை தானாகச் செய்தது. பையில் ஊசி இருக்கும்போது இந்த அம்மா ஏன் குத்திக்கொள்ளவில்லை என்று யாரும் யோசிப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது வருடத்தில் நான் செய்த ஒரே தொடர்ச்சிப் பிழை.

திங்கட்கிழமை அவருடைய கடிதம் வந்தது. அவர் அனுப்புவதெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். நிறுத்தச் சொல்லி ஒரு பக்கம் எழுதியிருந்தார். கீழே, எது நின்றாலும் டெஸ்ஸுக்கு ஒரு வேலை கொடுங்கள், உங்கள் கூட்டத்தில் புத்தகத்தைப் படித்தவள் அவள் ஒருத்திதான் என்று இருந்தது. என் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து கலங்கியிருக்கும். அது நான் அழுததால்.

ஆறாம் பகுதிக்கு முன்னால், ஹெஸ்டர் வின்ஸ்லோவின் நினைவாக என்று கறுப்புத் திரையில் நான்கு விநாடி போட்டோம். கோடு ஏறியது. ஆல்டனுக்கு ஏறியதைவிட அதிகம். ஏழாம் பகுதியில் மறுபடி இறங்கிவிட்டது. மக்கள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள்.

இன்று புதன்கிழமை. எட்டாம் பகுதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியாகிறது. திங்கட்கிழமை காலை ட்ரிஷ் முடிவு செய்துவிடுவார். நான் சொன்னதையெல்லாம் தட்டச்சு செய்து கொண்டுவாருங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன். வக்கீலும் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், சார். பத்திரிகைக்காரர்களிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடாமல், வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி வாக்கில் சொல்ல முடியுமா?