வெறும் வயிறு

ஹெல்வி: ...காலை ஆட்டாதே கிழவா. கட்டிலே நடுங்குது. ஆபரேஷன் எனக்கா, உனக்கா?

ரெய்னோ: நான் எங்க ஆட்டறேன்... ஜன்னலோரம் குளிருது.

ஹெல்வி: நெத்தியெல்லாம் வேர்வை. குளிருதாம். என் குளிர்கோட்டை ஏன் இப்படிக் கசக்கறே? அந்தக் கொக்கியில மாட்டு.

ரெய்னோ: மடியில இருக்கட்டும். டாக்டர் உன் தொடையில மையால அம்புக்குறி போட்டாரே, சரியான பக்கம்தானே?

ஹெல்வி: வலது. இவ்வளவு பெருசா. எல்க் மான் வேட்டைக்காரங்க மரத்துல போடற குறியே தோத்துடும்.

ரெய்னோ: மை அழிஞ்சிடாதுல்ல...

ஹெல்வி: ரெய்னோ.

ரெய்னோ: என்ன?

ஹெல்வி: இர்யாவை நினைச்சுக்கிட்டு இருக்கே.

ரெய்னோ: ...இல்லையே.

ஹெல்வி: எங்க அக்காவுக்கும் இதே இடுப்பு ஆபரேஷன்தான். நீதான் கார்ல கூட்டிட்டுப் போனே. திரும்பும்போது அவ கோட்டை மட்டும் மடிச்சு எடுத்துட்டு வந்தே. நான் மறந்துட்டேன்னு நினைச்சியா?

ரெய்னோ: பயமா இருக்கு ஹெல்வி. சொல்லிட்டேன், போதுமா?

ஹெல்வி: எனக்கு மட்டும் இல்லையா? இந்தப் போர்வையைச் சூடு பண்ணித்தான் குடுத்தாங்க, அப்பவும் பல்லு கிட்டிக்குது. ஆனா சவ்னா நீராவி அறையில மேல்படி ஏறி உக்காந்து ரெண்டு குளிர்காலம் ஆச்சு. கடைசி வரைக்கும் கீழ்ப்படியில உக்காந்து உன் முழங்காலைப் பார்த்துக்கிட்டு வேர்க்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?

ரெய்னோ: இன்னொரு நாள் வெச்சுக்கலாமே... ஏரியில பனி உருகட்டும், அப்புறமா...

ஹெல்வி: ஒரு வருஷத்துக்கு மேல காத்திருந்து கிடைச்ச நாள். பல் டாக்டர்கிட்ட வாயைப் பொளந்து காட்டி, வாயில கிருமி இல்லைன்னு அவர் சொன்ன பிறகுதான் நாளே குடுத்தாங்க. இன்னிக்கு விட்டா மறுபடி வரிசையோட கடைசி.

மிர்வா: உள்ள வரலாமா? ஹெல்விம்மா, நான் மிர்வா, மயக்க மருந்து நர்ஸ். பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க.

ஹெல்வி: வாசல்லயும் கேட்டாங்க, லிஃப்டுலயும் கேட்டாங்க. அதுக்குள்ள பேரை மாத்திக்குவேனாம்மா? கையில பேர்ப்பட்டை கட்டியிருக்கே, பாரு.

மிர்வா: உங்க வாயால சொல்லணும். கேட்டுக்கிட்டேதான் இருப்போம்.

ஹெல்வி: ஹெல்வி. மே மாசம் ரெண்டாம் தேதி, நாப்பத்தொம்பதாம் வருஷம். வலது இடுப்பு. அடுத்த கேள்வியையும் கேட்டுடு.

மிர்வா: சாப்பாடு?

ஹெல்வி: நேத்து ராத்திரியோட சரி.

மிர்வா: காப்பி? நம்ம ஊர்ச்சனம் காப்பியைச் சாப்பாட்டுக் கணக்குலயும் சேர்க்காது, குடிக்கிற கணக்குலயும் சேர்க்காது. அதான் தனியாக் கேக்கறேன். பாலோ கிரீமோ கலந்து ஏதாவது?

ஹெல்வி: இல்லை. வெறும் வயிறு.

ரெய்னோ: ஹெல்வி...

மிர்வா: என்ன ஐயா?

ரெய்னோ: ஒண்ணுமில்லை... ஒருத்தர் கிரீம் போட்டுக் குடிச்சிருந்தா என்ன ஆகும்? சும்மா கேக்கறேன்.

மிர்வா: சொல்லிட்டா ஒண்ணும் ஆகாது, வீட்டுக்கு அனுப்பிடுவோம். சொல்லாம மறைச்சாத்தான் ஆபத்து. அம்மாவுக்கு முதுகெலும்பு தேய்ஞ்சு போச்சு, முதுகுல ஊசி இறங்காது. அதனால முழு மயக்கம். அந்த நேரத்துல வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிட்டா... உயிருக்கே வினை. சரி, கட்டிலைத் தள்ள ஆளைக் கூட்டிட்டு வந்துடறேன்.

ரெய்னோ: ...ஏன் இல்லைன்னு சொன்னே?

ஹெல்வி: எதை?

ரெய்னோ: காப்பி. காலையில படுக்கைக்கே கொண்டுவந்து குடுத்தேனே.

ஹெல்வி: நீதானே சொன்னே, காப்பி குடிக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்கன்னு.

ரெய்னோ: கறுப்புக் காப்பியைத்தான் சொன்னாங்க. நான்... பழக்கத்துல கிரீமை ஊத்திட்டேன்.

ஹெல்வி: பழக்கமா? கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் கறுப்புக் காப்பிதானே குடிக்கறேன்?

ரெய்னோ: அது... இன்னிக்கு விசேஷ நாளாச்சேன்னு... இரு, அந்தப் பொண்ணைக் கூப்பிடறேன்.

ஹெல்வி: உக்காரு. கூப்பிட்டா என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க.

ரெய்னோ: அனுப்பட்டும்.

ஹெல்வி: ஒரு கப் காப்பி. என்ன ஆயிடப் போகுது?

ரெய்னோ: அவ சொன்னது காதுல விழலையா? செத்துப் போயிடுவேடி...

ஹெல்வி: மெதுவாப் பேசு. வராங்க.

மிர்வா: கிளம்பலாமா? ஐயா, அந்தக் கண்ணாடிக் கதவு வரைக்கும் நீங்களும் வரலாம். கையைக் கட்டில்லேருந்து எடுங்க... ஐயா?

ரெய்னோ: தள்ளாதீங்க.

மிர்வா: என்ன ஆச்சு?

ரெய்னோ: இவ பொய் சொல்றா. காலையில கிரீம் காப்பி குடிச்சா. நான்தான் குடுத்தேன். பழக்கமும் இல்லை, விசேஷமும் இல்லை... தெரிஞ்சேதான் கலந்தேன். நீங்க கேட்டதும் ஆமான்னு சொல்லிடுவா, வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு நினைச்சேன். இவ இப்படி மறைப்பான்னு நான் கண்டேனா... இன்னொரு கோட்டை மடிச்சு எடுத்துட்டுப் போக என்னால முடியாதும்மா.

மிர்வா: ஹெல்விம்மா, என்னைப் பார்த்துச் சொல்லுங்க. குடிச்சீங்களா?

ஹெல்வி: ஒரு சொட்டு வாயில படலைம்மா. காப்பியோட நிறத்தையும் இவன் முகத்தையும் சேர்த்துப் பார்த்தேன், புரிஞ்சு போச்சு. கார் கண்ணாடியில பனி சுரண்டப் போனான் பாரு, அப்பவே ஜெரேனியம் பூத்தொட்டியில ஊத்திட்டேன். இவனே ஒத்துக்கட்டும்னுதான் குடிச்ச மாதிரி பேசினேன். எனக்கும் பயம்தான் ரெய்னோ, வர்ற வழியெல்லாம் அந்தக் காப்பியைக் குடிச்சிருக்கலாமோன்னுதான் நினைச்சுக்கிட்டு வந்தேன்... அழாதே. கோட்டை மடிக்காம மாட்டி வை, நானே வந்து போட்டுக்கறேன்.