மூன்றாம் சுற்றும் கருணை மதிப்பெண்ணும்

நீதித்துறை நடுவர் அவர்கள் முன்பாக, நஞ்சுண்டன் என்பவர் தாமாக முன்வந்து கொடுத்து, பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.

பெயர்: நஞ்சுண்டன். தகப்பனார் பெயர்: ரங்கசாமி. வயது: 66. தொழில்: ஓய்வு பெற்ற அரசு உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர், தற்போது நொய்யல்கரை ஆட்டோ பாகங்கள் என்ற தனியார் தொழிற்சாலையில் இறுதிப் பரிசோதகர். முகவரி: மாகாளியம்மன் கோயில் வீதி, இருகூர், கோயம்புத்தூர் மாவட்டம்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி என்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்றும், நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படுத்தப்படலாம் என்றும் நடுவர் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். யோசிக்க அவகாசமும் கொடுத்தார்கள். யோசித்த பிறகே இதைச் சொல்கிறேன்.

நான் பணி ஓய்வு பெற்ற பின் வீட்டில் இருந்து வந்தேன். எங்கள் வீதியில் குடியிருக்கும் வெங்கடபதி என்பவர் மேற்படி தொழிற்சாலையில் மேலாளராக இருக்கிறார். அளவு பார்க்கும் வேலைக்கு அவசரப்படாத ஆள் வேண்டும் என்று அவர் கேட்டதன் பேரில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே சிறிய சரக்கு வண்டிகளின் ஸ்டியரிங்குக்கு வேண்டிய பால் பின் என்ற சிறு இரும்புத் தண்டு தயாராகிறது. ஒரு முனை உருண்டையாகவும், மறு முனை மரை வெட்டியதாகவும் இருக்கும். அந்த மரையில் நட்டு போட்டு இறுக்கினால்தான் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்பும். பெட்டி கட்டி அனுப்பும் முன் அந்த மரையைக் கடைசியாகப் பார்த்து, சரி என்றால் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பது என் வேலை. பரிசோதகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் உண்டு. என் நிறம் ஊதா.

வகுப்பில் நான் எதையும் உதாரணம் சொல்லித்தான் நடத்துவேன். இங்கும் அப்படிச் சொல்ல நடுவர் அவர்கள் அனுமதித்தார்கள். ஊறுகாய் ஜாடிக்கு வேறு ஜாடியின் மூடியைப் போட்டுப் பார்த்தால், சில சமயம் மூடி ஏறும், சுற்றும், ஆனால் பிடிக்காது. தூக்கினால் கையோடு வந்துவிடும். ஜாடியின் மரை ஒல்லியாக இருப்பதே காரணம். பால் பின்னுக்கு அப்படி நேராமல் இருக்க எங்களிடம் இரண்டு இரும்பு வளையங்கள் உண்டு. முதல் வளையம் மரையில் முழுவதும் ஏற வேண்டும். இரண்டாவது வளையம் ஏறக் கூடாது. அதிகம் போனால் இரண்டு சுற்றோடு நின்றுவிட வேண்டும். மூன்றாவது சுற்று போனால் மரை ஒல்லி என்று பொருள். அந்தப் பின்னைக் கழித்துவிட வேண்டும். இதற்குப் படிப்பு எதுவும் வேண்டாம். விரலே சொல்லிவிடும்.

கழித்த பின்களைச் சிவப்புக் கூடையில் போடுவார்கள். அந்தக் கூடையை, பின்னைக் கடைந்தவரின் பெயர் எழுதிய அட்டையுடன், எல்லோரும் வந்து போகும் வாசல் அருகே வைப்பது அந்தத் தொழிற்சாலையின் வழக்கம். பெயரைப் பார்த்தால் அடுத்த முறை கவனமாக இருப்பார்கள் என்று வெங்கடபதி சொல்வார். நான் பள்ளியில் இருந்த காலம் முழுவதும் தோற்றவர்களின் பெயரை வகுப்பில் படித்ததில்லை. தாளை மடித்துக் கையில் கொடுத்துவிடுவேன். ஆகையால் அந்தக் கூடையைக் கடந்து போகும்போதெல்லாம் அட்டையைப் பார்க்காமல் போவேன்.

கரும்புக்கடையைச் சேர்ந்த ரம்ஷா என்ற பெண் அங்கே கடைசல் இயந்திரத்தில் வேலை செய்கிறார். நல்ல வேலைக்காரர். இந்த வருடம் சித்திரை மாதத்தில் அவருடைய இயந்திரத்தின் செட்டிங் அடிக்கடி நகர்ந்து, மரை ஒல்லியாக வர ஆரம்பித்தது. ஒரு வாரத்திலேயே அவர் பெயர் மூன்று முறை வாசலுக்குப் போயிற்று. அதன் பிறகு ஒரு நாள் அவர் என் மேசைக்கு வந்து, சிரித்துக்கொண்டே, "ஏனுங்க சார், பள்ளிக்கூடத்துல முப்பத்திமூணு வாங்குனவனுக்கு ரெண்டு மார்க்குப் போட்டு ஏத்தி உட்டிருப்பீங்கல்ல? எம்பட பின்னு மட்டும் என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார். சிரித்தாலும் அவர் கண் கலங்கியிருந்தது. அப்போது என் கையிலிருந்த பின்னில் வளையம் இரண்டு சுற்றைத் தாண்டி அரைச் சுற்று போயிருந்தது. நான் அதற்கு ஊதாப் புள்ளி வைத்தேன்.

பள்ளியில் கருணை மதிப்பெண் போட்டதற்கு நான் ஒருநாளும் வருந்தியதில்லை. இரண்டு மதிப்பெண்ணில் ஒரு பையன் தேறினால் யாருக்கும் சேதமில்லை. அடுத்த வகுப்பில் அவன் படித்துக்கொள்வான். பின்னுக்கு அடுத்த வகுப்பு கிடையாது என்பது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. இருந்தும் வைத்தேன்.

அதன் பிறகு மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். "வாத்தியார் மேசைக்குப் போனா ஃபெயிலே இல்லடா, அடுத்து நம்ம சூப்பர்வைசரையும் பாஸ் போட்டு உட்டுருவார்" என்று சாப்பாட்டு நேரத்தில் கேலி பேசுவார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பெருநாளைக்கு ரம்ஷா பிரியாணி கொண்டு வந்து, "சார், ஆட்டுக்கறி பாஸாயிருச்சுங்க, நீங்க தைரியமா சாப்புடுங்க" என்று என் மேசையில் வைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற பின் என்னைச் சுற்றி மனிதர்கள் கூடியது அங்கேதான். நான் காசு எதுவும் வாங்கவில்லை. முதலாளியோ மேலாளரோ என்னை இப்படிச் செய்யச் சொல்லவும் இல்லை. என் மகன் பார்த்துக்கொடுத்த வக்கீல், மேலாளர் நெருக்கினார் என்று சொன்னால் என் பாரம் குறையும் என்றார். அது நடக்காத விஷயம். ஆகையால் சொல்லவில்லை.

வைகாசி மாதக் கடைசியில் ஸ்பேர் கடைகளுக்கு அனுப்ப வேண்டிய பெட்டிகள் நின்றுபோயிருந்தன. லாரி வாசலில் காத்திருந்தது. ரம்ஷா கடைந்த பின்களைப் பார்த்தேன். பலவற்றில் வளையம் மூன்றாவது சுற்று முழுமையாக ஏறியது. ஒரு சிலவற்றில் அதையும் தாண்டியது. ரம்ஷா தூரத்தில் தம் இயந்திரத்திடம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மாத முடிவில் கூடையில் பெயர் வந்தால் அவரை, முன்பு வேலை பார்த்த பெட்டி கட்டும் பிரிவுக்கே மறுபடி மாற்றிவிடுவார்கள் என்று முன்பே பேச்சு இருந்தது. நான் வளையத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அத்தனை பின்களுக்கும் புள்ளி வைத்தேன். லாரி போயிற்று.

அதன் பிறகு ஆடி மாதத்தில், மேட்டுப்பாளையத்தில் வண்டி பழுது பார்க்கும் அமீர் ஹம்சா என்பவர் தொழிற்சாலைக்கு வந்து மேலாளரைப் பார்த்துவிட்டு, எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். நானும் தொழிற்சாலைச் சட்டையுடன் டீ குடிக்கப் போயிருந்தேன். அவர் கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு பால் பின்னை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். மரை முழுவதும் உரிந்திருந்தது. உருண்டையின் கழுத்தில் ஊதாப் புள்ளி இருந்தது.

கோத்தகிரியிலிருந்து கேரட் ஏற்றி இறங்கிய ஒரு சரக்கு வண்டி வளைவில் திரும்பாமல் போய்ப் பாறையில் மோதியதாகவும், ஓட்டுநர் கதிர்வேலின் கால் முறிந்ததாகவும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமாரசாமி என்பவர் அங்கேயே இறந்ததாகவும், குமாரசாமி கதிர்வேலின் தங்கை கணவர் என்றும் அவர் சொன்னார். அந்தப் பின்னை அந்த வண்டியில் புதிதாக மாட்டியது அவர்தான். "பெரியவரே, நட்டு இறுக்கும்போதே கொஞ்சம் லூசாத்தானுங்க ஏறுச்சு. கம்பெனி புள்ளி இருக்குதே, பாக்காமயா அனுப்பியிருப்பாங்கன்னு நெனச்சு உட்டுப்போட்டேன். இப்ப உங்க மேனேஜர், நாந்தான் சரியா மாட்டலைங்கறார்" என்றார். பிறகு, "நீங்க உள்ள என்ன வேலைங்க?" என்று கேட்டார். ஆபீஸ் வேலை என்று சொன்னேன். என் டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

அன்று மாலை வெங்கடபதியிடம் அது நான் பாஸ் செய்த பின் என்று சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "சார், டிரைவர் தூங்கிட்டான்னு போலீஸே எழுதியாச்சுங்க. உங்களுக்கும் வயசாச்சு. பேசாம இருங்க" என்றார். நான் பேசாமல் இருந்தேன். ஆவணி பிறக்கும் வரை இருந்தேன். அந்த நாட்களிலும் வேலைக்குப் போய், புள்ளி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மூன்றாவது சுற்று போன எதையும் பிறகு நான் விடவில்லை.

அதன் பிறகு மனம் கேளாமல் சிறுமுகையில் உள்ள கதிர்வேல் வீட்டுக்குப் போனேன். ஜாமீனில் வந்து, காலில் கட்டுடன் கட்டிலில் இருந்தார். விபத்தைக் கேள்விப்பட்டு விசாரிக்க வந்த ஆசிரியர் என்று மட்டும் சொன்னேன். அவர், "ஸ்டியரிங்க ஒடிச்சேனுங்க. கையில சுத்துது, வண்டி நேராவே போகுது. மச்சான் 'திருப்புடா, திருப்புடா'ங்கறார். எத்தன பேருகிட்டச் சொல்றதுங்க" என்றார். அவர் தங்கை கோகிலவாணி அடுத்த வீட்டில் இருக்கிறார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் மதிலுக்கு அந்தப்புறமிருந்தே, "நல்லாச் சொல்லு, கேக்கறதுக்குப் புதுசா ஒரு ஆளு வந்துட்டாருல்ல. ஏனுங்க பெரியவரே, நீங்களும் கேட்டுட்டுப் போங்க. எங்கூட்டுக்காரரத் தூங்கிக் கொன்னுபோட்டு, ஸ்டியரிங்கு மேல பழியப் போடறான்" என்றார். கதிர்வேல், "அம்மிணி, ஒருக்காக் கேளு" என்று கூப்பிட்டார். அவர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கதிர்வேல் தாழ்ந்த குரலில், "அவ சொல்றது நெசமா இருக்குமோன்னு இப்பெல்லாம் எனக்கே தோணுதுங்க. கண்ணு அசந்துட்டனோ என்னமோ" என்றார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மறுநாள் ரம்ஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு, "அன்னைக்கே நீங்க சிவப்புக் கூடையில போட்டிருந்தா, பாத்ரூம்ல போய் அழுதுட்டு, மறுநாளு வந்திருப்பேனுங்க சார். அவ்ளோதானுங்க ஆகியிருக்கும்" என்றார். என்னைத் திட்டவில்லை. அன்றிலிருந்து என் மேசைக்கு வருவதில்லை. செட்டிங் நகர்வது எந்த இயந்திரத்திலும் நடப்பதுதான். அப்படி வந்ததை வெளியே விடாமல் நிறுத்துவதற்காக என்னை உட்கார வைத்திருந்தார்கள். ஆகையால் இந்த வழக்கில் ரம்ஷாவைச் சேர்க்க வேண்டாம் என்றும், அமீர் ஹம்சா மாட்டியதில் தவறு இல்லை என்றும் தெரிவித்துக்கொள்கிறேன்.

வைகாசிக் கடைசியில் போன அந்தப் பெட்டிகளின் மற்ற பின்கள் எந்தெந்த வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. ஊதாப் புள்ளி உள்ளவற்றை உடனே கழற்றச் சொல்லி எல்லாக் கடைகளுக்கும் தெரிவிக்க உத்தரவிட வேண்டுகிறேன். பிறகு நான் போய் உண்மையைச் சொல்லிக் கேட்டபோது அமீர் ஹம்சா என்னிடம் கொடுத்த பின்னையும், தொழிற்சாலையின் இரண்டாவது வளையத்தையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். பின்னின் அடிப்பகுதியில் உரியாமல் மீந்திருக்கும் மரையை அளந்து பார்த்தால், அது எவ்வளவு ஒல்லி என்பது யாருக்கும் தெரியும்.

நான் சொன்னதைத் தட்டச்சு செய்து, எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் ஓரிடத்தில், நான் கவனக்குறைவால் புள்ளி வைத்துவிட்டதாக எழுதியிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். நான் கவனமாகவே பார்த்தேன். மூன்றாவது சுற்று ஏறியது என் விரலுக்குத் தெரிந்தது. அப்படி மாற்றினால் எனக்குத் தண்டனை கூடலாம் என்று நடுவர் அவர்கள் விளக்கினார்கள். நான் கவனிக்கவில்லை என்று இருந்தால், அந்தப் பின் எப்படிப் போயிற்று என்பதற்குச் சாட்சியே இல்லாமல் போகும் என்றும், கண் அசந்தோமோ என்று கதிர்வேல் தம்மையே கேட்டுக்கொண்டிருப்பார் என்றும் சொன்னேன். அதன் பேரில் அந்தச் சொல் அடிக்கப்பட்டு, 'தெரிந்தே' என்று எழுதப்பட்டது. பக்கத்தில் நான் சுருக்கொப்பம் இட்டேன்.

மீண்டும் முழுவதும் படிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவும் குறைக்கவும் எதுவும் இல்லை.

(ஒப்பம்)
ர. நஞ்சுண்டன்