ரெண்டாவது மாமனார்

அந்த இயந்திரத்துக்குத் தினமும் தூசி துடைப்பது நான்தான். வேறு யார் கை பட்டாலும் எனக்குப் பிடிக்காது.

என் அப்பா பெயரில் நடக்கும் பரிசோதனைக்கூடம் அது. பெண்களின் கருப்பைவாய்ச் செல்களைப் பார்த்து, புற்றுநோய் உண்டா இல்லையா என்று அறிக்கையில் கையெழுத்திடுவது என் வேலை. அதில் தப்பு என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை. பிறகு மகன் இந்தத் தானியங்கி நுண்ணோக்கியை வாங்கினான். செல்களைப் பூசிய கண்ணாடி ஸ்லைடை வைத்தால் தானே படமெடுக்கும். ஒவ்வொரு செல்லின் உட்கருவையும் அளக்கும். அளவு மீறிப் பருத்ததைச் சிவப்புக் கட்டமிட்டுக் காட்டும். எதைப் பார்த்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிறது என்று மருமகள் அதற்கு 'ரெண்டாவது மாமனார்' எனப் பெயர் வைத்தாள். நானும் சிரித்தேன்.

"எவ்வளவு பெருசானா கட்டம் போடணும்ங்கிறதை நீங்களே வெச்சுடுங்கப்பா. உங்க கண்ணுக்குத் தெரியாததா?" என்றான் மகன்.

நான் குறையில்லை என்று கையெழுத்திட்டிருந்த பழைய ஸ்லைடுகளை வைத்துப் பார்த்தேன். சிலவற்றில் சிவப்பு விழுந்தது. அந்தப் பெண்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? கட்டம் போடும் எல்லையைக் கொஞ்சம் உயர்த்தினேன். என் கையெழுத்தோடு இயந்திரம் ஒத்துப்போகும்வரை உயர்த்தினேன். வாசல் பலகையில் அப்பாவின் பெயர் இருக்கிறது. அதை ஒரு பெட்டி கெடுக்க விடலாமா?

அதன்பின் இறக்க வழியில்லை. இறக்கினால், இடையில் நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களும் சேர்ந்து திரும்பி வந்து நிற்பார்கள்.

ஒரு நாள் மருமகளின் ஸ்லைடு வந்தது. திரையில் ஒரு கட்டமும் இல்லை. என் பழைய நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். உட்கருக்கள் கறுத்துப் பருத்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. சொன்னால், இயந்திரம் ஏன் விட்டது என்று மகன் கேட்பான். எல்லையைத் திறந்து பார்ப்பான்.

அவள் கதவருகே வந்து நின்றாள். "ரெண்டாவது மாமனார் என்ன சொல்றார் மாமா?"

"உன்மேல குத்தமே இல்லைங்கிறார்மா."

"அதிசயந்தான். மொதல் மாமனார்?"

"அவரும் அதையேதான் சொல்றார்," என்று கையெழுத்திட்டேன்.

அந்தப் புற்றிலேயே அவள் போய்ச் சேர்ந்த பிறகு மகன் எல்லையை இறக்கி அதே ஸ்லைடை வைத்தான். திரை முழுக்கச் சிவந்தது. உடனே போலீஸுக்குப் போன் போட்டு உங்களைத்தான் கூப்பிட்டான்.

தெரிந்தேதான் செய்தேன்; எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: வீட்டு ஆள், வெளி ஆள் என்று நான் பேதம் பார்த்தவனில்லை. மருமகளுக்கும் அதே எல்லைதான்.