கடைக்காரர்கள் பாட்டை நிறுத்தவும்

அந்த மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. வாயை ஒட்டினாற்போல் இருந்தால் மூச்சுக்காற்றெல்லாம் பதிவாகும். பிறகு கேட்பவர்களுக்கு நான் அழுதுகொண்டே பேசியதுபோல் இருக்கும். நான் அழவில்லை. மைக்கில் எப்படிப் பேசுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வயதில் பாதிக்கு மேல் அந்த மாலின் என்கொயரி கவுண்டரில்தான் கழிந்தது.

நீங்களும் சின்ன வயதில் அங்கே வந்திருப்பீர்கள். எஸ்கலேட்டர் என்ற ஒன்றை இந்த ஊர் ஜனங்கள் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். ஒன்றும் வாங்காமல் அதில் ஏறி இறங்குவதற்கென்றே குடும்பத்தோடு வருவார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் மனைவியை மேலே அனுப்பிவிட்டு, தனக்குத் தைரியம் வராமல் கீழேயே நின்றுவிட்டார். அந்த அம்மா முதல் மாடியில் என் கவுண்டர் பக்கத்தில் நின்று கையசைக்க, இவர் கீழே நீரூற்றுப் பக்கத்தில் நின்று கையசைக்க, ஏதோ வெளிநாட்டுக்கு வழியனுப்பி வைப்பதுபோல் இருந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. அதை மறைப்பானேன்.

ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பாட்டு ஓடும். துணிக்கடையில் ஒன்று, செருப்புக்கடையில் ஒன்று, ஐஸ்கிரீம் கடையில் இன்னொன்று. எல்லாம் சேர்ந்து காதைக் கிழிக்கும். அதனால் குழந்தை தொலைந்துவிட்டால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நான் மைக்கில், "கடைக்காரர்கள் பாட்டை நிறுத்தவும்" என்பேன். அவ்வளவுதான். எல்லாப் பாட்டும் நின்றுவிடும். வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்காரர்கள் வாசலுக்கு வருவார்கள். எங்கோ ஒரு மூலையில் குழந்தை அழுதால் கேட்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான். வாங்க வந்தவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். "குழந்தை கிடைத்துவிட்டது" என்று நான் அறிவித்ததும் எல்லாக் கடைகளிலும் ஒரே சமயத்தில் பாட்டு எழும். ஜனங்கள் கைதட்டுவார்கள். அந்த நிமிஷத்தை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

வீட்டில் எனக்கு அப்படியெல்லாம் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் வீட்டில் இருக்கிறேன். நான் வாயைத் திறந்தால் டிவியின் சத்தம் கூடும். "நம்ம வீட்டுக்கும் ஒரு மைக் வாங்கிப் போட்டாத்தான் இவ பேசுறது கேக்கும் போல" என்று அண்ணி ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணி கெட்டவள் இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு ஊருக்கு வெளியே பெரிய மால் ஒன்று வந்தது. அதற்கும் பிறகு ஜனங்கள் வீட்டில் படுத்துக்கொண்டே செருப்பு வாங்கக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் செருப்புக்கடைக்காரர் தரையில் உட்கார்ந்து, வந்தவர் காலைப் பிடித்துப் பார்த்து, "இது வேணாங்க, உங்களுக்குக் கடிக்கும்" என்று சொல்லி விற்கவே மறுப்பார். அவர்தான் முதலில் போனார். ஐஸ்கிரீம் கடை, பொம்மைக்கடை, மேல்மாடி தியேட்டர் என்று ஒவ்வொன்றாக ஷட்டர் இறங்கியது. நீரூற்றை நிறுத்திவிட்டு அதில் பிளாஸ்டிக் செடிகளை வைத்தார்கள். கூரை ஒழுகிய இடத்தில் வாளி வைத்தார்கள். எஸ்கலேட்டர் வெறும் படிக்கட்டாகிவிட்டது. கீழ்த்தளத்தில் ஏதோ சில கடைகள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. முதல் மாடியில் மிஞ்சியது நானும், பக்கத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடிகாரக்காரரும்தான்.

என் கவுண்டருக்குப் பின்னால் இருந்த பகுதியைக் கதவு போட்டுப் பூட்டியே விட்டார்கள். அங்கே இன்னொரு எஸ்கலேட்டரும், குழந்தைகள் விளையாடும் இடமும் இருந்தன. கலர் கலராகப் பந்து நிரப்பிய பெரிய தொட்டி ஒன்று இருந்தது. ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் குடை, பை எல்லாவற்றையும் அங்கேதான் போட்டு வைப்பேன். அதனால் சாவி என்னிடம் இருந்தது.

முதல் குழந்தையை நான் கூப்பிடவே இல்லை, ஐயா. அது தானாக வந்தது. மழைநாள், மாலில் ஈ ஆடவில்லை. ஒரு பையன் அழுதுகொண்டே வந்தான். கவுண்டருக்குள் உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்தேன். தின்றபடியே தூங்கிவிட்டான். கொஞ்ச நேரத்தில் அவன் அப்பா மூச்சிரைக்க வந்து, "பையனக் காணோங்க" என்றார். பையன் என் காலடியில் இருந்தான். "இதோ இருக்கான்" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கை மைக்குக்குப் போய்விட்டது.

பாட்டெல்லாம் நின்றது. மாதக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். துணிக்கடைக்காரர் மாடிப்படிக்கு ஓடினார். கடிகாரக்காரர்கூடக் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்தார். செத்துக்கிடந்த கட்டடம் எழுந்து உட்கார்ந்தது. பையன் விழிப்பதற்குள், கிடைத்துவிட்டான் என்று அறிவித்துவிட்டேன். அந்த அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடுத்த வாரம் குடும்பத்தோடு வந்து எல்லோருக்கும் துணி எடுத்தார். யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு நானே பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தேன். அதிலும் எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அம்மா கையைப் பிடித்திருக்கும் குழந்தையை ஒருநாளும் தொட்டதில்லை. அம்மா போனைப் பார்த்துக்கொண்டிருக்க, தனியாகச் சுற்றிவரும் குழந்தைகளைத்தான். "பந்து விளையாடலாமா?" என்றால் உடனே வந்துவிடும். பின்கதவைத் திறந்து தொட்டியில் விட்டுவிட்டு வருவேன். அங்கே ஸ்பீக்கர்கள் பழுதாகி வருஷக்கணக்காகிவிட்டது. நான் இங்கே பேசுவது அங்கே கேட்காது. ஊரே தன்னைத் தேடுவது தெரியாமல் குழந்தை பந்தில் புரண்டுகொண்டிருக்கும். ஒன்றுகூட அழுததில்லை. வீட்டுக்குப் போகும்போது டாட்டா காட்டிவிட்டுத்தான் போகும்.

மாலுக்கு நல்ல பெயர் வந்தது. "அங்க கடைக்காரங்க எல்லாரும் சேந்து தேடுவாங்க, தங்கமான மனுஷங்க" என்று வெளியே பேச்சு பரவியது. ஒரு பத்திரிகையில்கூட எழுதினார்கள். இத்தனை குழந்தைகள் ஏன் இங்கே தொலைகின்றன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அந்தப் பத்திரிகையைப் பார்த்துத்தான் புதுக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். முதலில் இடித்துவிட்டுக் குடோன் கட்டத்தான் அவர்கள் திட்டம். மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "அவங்க பெரியவர் நேர்ல வர்றாரும்மா. இடம் உயிரோட இருக்குன்னு அவருக்குத் தோணணும். தோணிடுச்சுன்னா பழையபடி கட்டித்தர்றேன்னு சொல்லியிருக்காரு. நீரூத்து, தியேட்டர், எல்லாம்." நான் ஒரேயொரு விஷயம் கேட்டேன். ஸ்பீக்கர்களைச் சரிசெய்து தாருங்கள் என்றேன். பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் சரி என்றார். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சரிசெய்யச் சொன்னார். எலக்ட்ரீஷியன் பூட்டிய பகுதிக்குள்ளும் போய்விட்டு வந்தார். சாவி கொடுத்தது நான்தான்.

முன்பக்கத்து எஸ்கலேட்டரையும் ஓடவைத்தார்கள். அதற்கு வேண்டிய பாகங்களுக்காகப் பூட்டிய பகுதியில் இருந்த எஸ்கலேட்டரைப் பிரித்தார்கள். படிகளையெல்லாம் கழற்றிய பிறகு அங்கே ஒரு பெரிய பள்ளம்தான் இருந்தது. மேலே நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு அது தெரியும். பெரியவர் வந்த அன்று அந்தப் பெண் குழந்தையைக் கூட்டிப்போகும்போது நானே அவள் கையைப் பிடித்து, "ஓரமா வா, கண்ணு" என்று சுவர் ஓரமாக நடத்திச் சென்றேன். அவ்வளவு கவனமாகத்தான் இருந்தேன்.

மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன். இனி அந்தப் பெயர் என் வாயில் வரக்கூடாது என்று அவள் அம்மா சொன்னதாக நீங்கள்தானே சொன்னீர்கள்.

கம்பெனிப் பெரியவர் நீரூற்றுப் பக்கத்தில் நின்றிருந்தார். அந்த அம்மா அழுதுகொண்டே என்னிடம் வந்தார். பாட்டை நிறுத்தச் சொன்னேன். பெயரைச் சொன்னேன். "மஞ்சள் கவுன் அணிந்த குழந்தை எங்கே இருந்தாலும் என்கொயரி கவுண்டருக்கு வரவும். அம்மா காத்திருக்கிறார்." இதுவும் வழக்கமாகச் சொல்வதுதான். என் குரல் அன்று அவ்வளவு தெளிவாக இருந்தது. எல்லா மூலையிலும் கேட்டது. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

குழந்தையைக் கூட்டி வரப் பின்னால் போனேன். தொட்டியில் பந்துகள்தான் இருந்தன. ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தேன். அது பள்ளத்துக்கு நேர் மேலே இருந்தது. தார்ப்பாய் ஒரு பக்கம் அவிழ்ந்து உள்ளே தொங்கியது. சின்னப் பிள்ளைதானே. கூப்பிட்டால் சத்தம் வந்த பக்கம் நேராகத்தான் வருவாள். ஓரமாக வரத் தெரியாது.

கீழே இருட்டாக இருந்தது. "ஆன்ட்டி" என்றாள். பிறகு, "கூப்ட்டீங்கல்ல, வந்துட்டேன்" என்றாள்.

இந்த இடத்தை நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நானும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். மால் முழுக்க நிசப்தமாக இருந்தது. அவள் கொஞ்சம் சத்தமாக அழுதிருந்தால் எல்லோருக்கும் கேட்டிருக்கும். பெரியவருக்கும் கேட்டிருக்கும். அதனால் நான் குனிந்து, "சத்தம் போடாத கண்ணு, ஆன்ட்டி இப்ப வந்துடுறேன்" என்றேன். நல்ல பிள்ளை. சொன்ன பேச்சைக் கேட்டாள்.

கவுண்டருக்கு வந்து மைக்கைப் பிடித்தேன். "குழந்தை கிடைத்துவிட்டது. அனைவருக்கும் நன்றி." பாட்டெல்லாம் ஒன்றாக எழுந்தது. பெரியவர் கைதட்டினார். அவள் அம்மா கவுண்டர்மேல் சாய்ந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்கங்க இருக்கா?" என்றார். "பின் வாசல்ல செக்யூரிட்டிகிட்ட இருக்காம்மா, போய்க் கூட்டிக்கோங்க" என்றேன். பின் வாசல் கட்டடத்தின் மறுகோடியில் இருக்கிறது. சிரித்துக்கொண்டே ஓடினார். அந்த முகம்தான் எனக்குத் தூக்கத்தில் வருகிறது.

கடிகாரக்காரர் மட்டும் உட்காரவில்லை. "அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டுச்சும்மா" என்றார்.

"பூனையா இருக்கும்ண்ணே."

"பூனை மாதிரி இல்லையே. பேசின மாதிரி இருந்துச்சு."

"ஸ்பீக்கர் புதுசுல்லண்ணே, அப்படித்தான் கேக்கும்" என்றேன். அவர் என்னை நம்புபவர். உட்கார்ந்துவிட்டார்.

பெரியவர் கிளம்பட்டும் என்றுதான் இருந்தேன், ஐயா. அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. அவர் டீ குடித்தார். போட்டோ எடுத்துக்கொண்டார். என்னிடம் வந்து, "இப்படி ஒரு இடத்த இடிக்க யாருக்கும்மா மனசு வரும்?" என்றார். அவர் கார் வாசலைத் தாண்டுவதைப் பார்த்தேன். அதற்குள் அந்த அம்மா திரும்பி வந்துவிட்டார். அங்கே யாரும் இல்லையே என்று கத்தினார். நான் மைக்கைத் தொடாமலேயே பாட்டெல்லாம் நின்றது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அப்போது ஒரு சத்தமும் வரவில்லை. கடிகாரக்காரர் என்னைப் பார்த்தார். கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர்தான் உள்ளே போனார்.

உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். டாக்டர் படித்தவர். நான் ஒத்துக்கொள்கிறேன். கூட்டிப்போனது நான். கூப்பிட்டது நான். பேசாமல் இருக்கச் சொன்னதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

அந்த மாலை மறுபடியும் திறப்பார்களா என்று உங்களுக்கு ஏதாவது தெரியுமா? கம்பெனிக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள் என்று அண்ணி சொன்னாள். பார்க்க வந்தவள் நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஒன்று மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். பத்திரிகைகளில் எல்லாம் நான் ஒரு குழந்தையைத் தொலைத்துவிட்டதாகப் போடுகிறார்களாம். அது தப்பு. அந்த மாலில் என் காலத்தில் ஒரு குழந்தைகூடத் தொலைந்ததில்லை. அவள் எங்கே இருந்தாள் என்று எனக்குக் கடைசிவரை தெரியும்.