கிள்ளை குரூப்பில் வெண்மதி இல்லை

வெண்மதி: ...திரும்பவும் பர்மிஷன் டினைடுன்னுதான் வருது, சிலம்பு. நாலு மணிக்குள்ள புராஜெக்டைக் குடுக்கணும். ஃபோல்டரே தெறக்கல.

சிலம்பரசன்: நகரு, பாக்கறேன். இந்தா... இந்த ஃபோல்டரத் தெறக்கற கிள்ளை குரூப்ல உம் பேரே இல்ல.

வெண்மதி: கிள்ளை பஸ்ல வர்ற நாலு பேருக்கு ஒரு குரூப்பு. அதுல எம் பேர மட்டும் காக்கா தூக்கிட்டுப் போவுதா?

சிலம்பரசன்: பஸ்ஸுக்கு ஒரு குரூப்புன்னு கேட்டதே நீங்கதான. ஒண்ணா வர்றோம், ஒண்ணா புராஜெக்ட் பண்றோம்னு...

வெண்மதி: பேச்ச மாத்தாத. நாளைக்கு சென்னைக்கு வேலைக்குப் போற ஆளு. சார் உன்ன நம்பி சர்வரக் குடுத்தா, இந்த மாசத்துல இது மூணாவது தடவ.

சிலம்பரசன்: முன்ன உன்னப் பிரிண்டர் குரூப்ல சேத்தேன்ல, அப்பறம் டேட்டாபேஸ் குரூப்ல... யூசர்மாட்னு கமாண்டு போட்டு மைனஸ் பெரிய ஜி மட்டும் குடுத்தா, புதுசுல சேத்துட்டுப் பழசுலேருந்து தூக்கிடும். கூடவே ஒரு மைனஸ் ஏ போடணும். மறந்துட்டேன்.

வெண்மதி: எங்க பஸ்ல வர்ற ஆரோக்கியராஜச் சேக்கறப்ப மறக்கல. கொளஞ்சியச் சேக்கறப்ப மறக்கல.

சிலம்பரசன்: அவங்களச் சேத்தது வேற நாளு.

வெண்மதி: என்னா நாளு? நெசத்தச் சொல்லு.

சிலம்பரசன்: சரி, சொல்லிடறேன். வேணும்னேதான் விட்டேன். அப்பதான் நீ என்னத் தேடிக்கிட்டு லேபுக்கு வருவ.

வெண்மதி: நேர்ல வந்து பேசத் தெரியாதா?

சிலம்பரசன்: கிள்ளைக் கூட்டமே உன்னச் சுத்தி நிக்குது. எனக்குப் பண்ருட்டி பஸ்ஸு. பஸ் ஸ்டாண்டுல தூரத்துல நின்னு பாக்கறதோட சரி. இன்னைக்கும் சொல்லாமப் போனா... மனசு கேக்காது, வெண்மதி. கோவமா?

வெண்மதி: மொதல்ல என்னக் குரூப்ல சேத்துவிடு.

சிலம்பரசன்: இந்தா, மைனஸ் ஏ, பெரிய ஜி, கிள்ளை, வெண்மதி. லாகவுட் பண்ணிட்டு வா.

வெண்மதி: ம்... தெறந்துடுச்சு.

சிலம்பரசன்: ஆனா ஒண்ணு. அந்த ரெண்டு தடவதான் நான் விட்டது. சத்தியமா இன்னைக்கு உன் அக்கவுண்டத் தொடவே இல்ல. யாரு தூக்கியிருப்பா?

வெண்மதி: காலைல ரூட் லாகின, யாரையும் சேக்கவும் தூக்கவும் முடியிற லாகின, அப்படியே தெறந்து வச்சிட்டு டீக்குப் போன. நீ மறக்கறத நிறுத்திட்ட... அப்பறம் நான் என்னா சாக்கு சொல்லிக்கிட்டு இங்க வர்றது? நான்தான் தூக்கினேன். பதறாத, புராஜெக்டக் காலைலயே குடுத்துட்டேன்.