பகிர்ந்தவர்களும் படியேறியவர்களும்

தலைமை நாற்காலியில் தளராமல் வீற்றிருந்து, கைக்கடிகாரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற நூலகர் ஐயா அவர்களே! வலைப்பூ எழுதி வாசகரைத் தேடி அலையும் இளைய கூட்டமே! மின்விசிறிக்குக் கீழே முந்திக்கொண்டு இடம்பிடித்த தாய்மார்களே! உங்களோடு சேர்த்து, அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களையும் வரிசையாக வணங்குகிறேன். வெள்ளைப் பூங்கொத்தோடு வந்த சம்பந்தியம்மா அவர்களே! அழுதபடி ஏறி, மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கி, மீண்டும் விட்ட இடத்திலிருந்து அழுத பால்காரரே! என் கணவரின் பேருந்தில் விசில் ஊதியே வாழ்ந்த நடத்துநர் 'ரைட்டு' அவர்களே! கழுத்தில் கிடந்த அளவுநாடாவையும் கழற்ற மறந்து ஓடிவந்த தையல்காரம்மா அவர்களே! இத்தனைக்கும் காரணகர்த்தாவாகிய என் மாப்பிள்ளை அவர்களே! யார் எந்தப் படியில் நின்றீர்கள், யார் செருப்பை யார் மிதித்தீர்கள் என்பதுவரை எனக்கு நினைவிருக்கிறது. அனைவருக்கும் வணக்கம்.

வாசகர் விரும்பிப் பகிரும் பதிவை எழுதுவது எப்படி? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என்னிடம் போய்க் கேட்கிறீர்கள்! கேட்டுவிட்டீர்கள், அனுபவியுங்கள்.

நாங்கள் நாலாவது மாடியில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். கிளட்சை மிதித்து மிதித்தே முழங்கால் தேய்ந்தவர். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிய மனிதருக்குத் தன்னை இறக்கிக்கொள்ள ஒரு லிஃப்ட் இல்லை! இருந்தது ஐயா, இருந்தது; ஓடவில்லை. ஏன் ஓடவில்லை? எங்கள் கட்டடத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம். சாமான் ஏற்றும்போது கதவு மூடிக்கொள்ளாமலிருக்க, இடையில் ஒரு செங்கல்லைச் சொருகுவார்கள். மூடத் துடிக்கும் கதவு, முட்டி முட்டிப் பழுதாகும். மெக்கானிக் வருவார், சரிசெய்வார், போவார். மறுநாள் செங்கல் வரும். கடைசியில் அவர் கும்பிடு போட்டுவிட்டார்.

"என்னால முடியாதும்மா. நான் கதவைச் சரி பண்றேன், உங்க ஆளுங்களை யாரு சரி பண்றது? செங்கல்லை நிறுத்துங்க, அப்புறம் கூப்பிடுங்க."

மழைக்காலம் தொடங்கிய நாளிலிருந்து என் வீட்டுக்காரர் தரையை மிதிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற பேருந்துகளுக்கெல்லாம் கால் கட்டைவிரலால் பிரேக் போட்டுக்கொண்டிருப்பார். "தெருவை நான் பார்க்கிறேன், தெரு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியுமா தாய்மார்களே?

செயலாளரிடம் சொன்னேன், தலையாட்டினார். அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன், அதன்மேல் யாரோ வாடகைக்கு வீடு தேடி ஒட்டினார்கள். அப்போது வந்தார் என் மாப்பிள்ளை. பகிரத் தூண்டும் பதிவு எழுத வகுப்பே நடத்துகிறவர். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். முழங்காலைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன், செங்கல்லைச் சொன்னேன்.

"அத்தை, செங்கல் வேணாம். செங்கல்லை யாரு ஷேர் பண்ணுவாங்க? கண்ணீர்தான் ஓடும்."

"லிஃப்ட் ஓடணும் மாப்பிள்ளை. கண்ணீர் ஓடி என்ன ஆகப்போகுது?"

"முதல்ல ஊரே படிக்கட்டும். அப்புறம் லிஃப்ட் தானா ஓடும். நீங்க என்னை நம்புங்க."

நம்பினேன். என்ன செய்தார் தெரியுமா? என் வீட்டுக்காரர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினார். 'இனி இறங்கி வரமாட்டாரா என் மனிதர்?' என்று தலைப்பு வைத்தார். 'பேருந்து ஓட்டிய பாதங்கள் ஓய்ந்தன' என்று முதல் வரி போட்டார். செங்கல் போயிற்று, லிஃப்ட் போயிற்று, முழங்கால் கடைசிப் பத்தியில் ஓர் ஓரத்தில் ஒண்டிக்கொண்டது.

பகிர்ந்தார்கள் ஐயா, பகிர்ந்தார்கள்! பார்த்தவர் பகிர்ந்தார், பார்க்காதவர் பகிர்ந்தார், படித்தவர் ஒருவர் உண்டா? தலைப்பைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள், 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார்கள். யாரப்பா அங்கே சிரிப்பது? நீயும் போட்டாய். மெழுகுவத்திப் படத்தோடு போட்டாய். நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தவர் காலமானவர்!

"வாங்க வாங்க! என்ன எல்லாரும் சேர்ந்து? யாருக்கு என்ன ஆச்சு?"

சம்பந்தியம்மா பூங்கொத்தைக் கீழே போட்டார். பால்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். நடத்துநர் ரைட்டு மட்டும் வாய் திறந்தார்.

"அண்ணே... நீங்க... நீங்கதானே?"

"நான்தான்டா. வண்டி இன்னும் கிளம்பல."

சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன். அடுப்படிக்குப் போய் உங்களுக்கெல்லாம் டீ போட்டேன், சர்க்கரையைக் கோபத்தில் குறைத்துப் போட்டேன். ஆனால் படியேறி வந்தீர்களே, அதனால் மன்னித்தேன். மாப்பிள்ளையை மன்னிக்க மட்டும் மகள் இரண்டு தடவை அழவேண்டியிருந்தது.

அதன்பிறகு நானே எழுதினேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினேன். 'லிஃப்ட் கதவில் செங்கல் வைப்பவருக்கு' என்று தலைப்பு. வைத்தால் கதவுக்கு என்ன ஆகும் என்று எழுதினேன். அதனால் மாடியில் யார் முடங்கிக் கிடக்கிறார் என்று எழுதினேன். சாமான் ஏற்றவேண்டுமானால் மெக்கானிக்கிடம் சொன்னால் கதவைத் திறந்தபடி நிறுத்தித் தருவார் என்று எழுதினேன். அவ்வளவுதான்.

அது எப்படிப் பரவியது என்கிறீர்கள்! இரண்டாம் மாடி மூன்றாம் மாடிக்கு அனுப்பியது, 'உங்களைத்தான் நினைச்சேன்' என்று. மூன்றாம் மாடி முதல் மாடிக்கு அனுப்பியது, 'இதைப் படிச்சதும் உங்க ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்துச்சு' என்று. செயலாளருக்கு அவருடைய மச்சினியே அனுப்பினார். "அத்தான், இது உங்க கட்டடமா? செங்கல்லு உங்களுதா?" எல்லாக் கட்டடத்திலும் ஒரு செங்கல்காரர் இருக்கிறார் ஐயா! எல்லோருக்கும் அவர்மேல் ஒரு கோபம் இருக்கிறது! அந்தக் கோபத்துக்கு ஒரு கைப்பிடி செய்து கொடுத்தேன்.

எழுத வந்த இளைஞர்களே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உலகமே பகிரவேண்டும் என்று எழுதுகிறீர்கள். உலகத்துக்கு முகம் உண்டா? முகவரி உண்டா? முழங்கால் உண்டா? படிக்கிறவர் மனத்தில் ஒரே ஒரு முகம் வரவேண்டும். பாசத்தால் வரட்டும், பயத்தால் வரட்டும், பழைய பகையால் வரட்டும்! 'இது அவளுக்குத் தெரியணும், இது அவனுக்கு உறைக்கணும்' என்று விரல் துடிக்கவேண்டும். அதுதான் பகிர்வு. மற்றதெல்லாம் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலுக்குத் தள்ளுவது!

கைதட்டல் போதும். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார். ஐயா, கண்ணாடி கொண்டுவரவில்லை, படிக்கமுடியாது. பேசுகிறேன்.

செயலாளர் எல்லோரையும் கூட்டி, இனி செங்கல் இல்லை என்று மெக்கானிக்குக்கு வாக்குக் கொடுத்தார். மெக்கானிக் வந்தார். லிஃப்ட் ஓடியது. என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். தெருவில் நின்றார். ஒரு பேருந்து அவருக்காக ஒலி எழுப்பியது. வலது பக்கம் திரும்பினால் அவருடைய தம்பி வீடு; சில கதவுகள் தள்ளித்தான். இவர் இடது பக்கம் திரும்பி நடந்தார்.

ஏன்? அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களெல்லாம் போனபிறகு, தனக்கு வந்த இரங்கலை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "பரவால்லையே, நான் இவ்வளவு நல்லவனா?" என்று ரசித்தார். தம்பி எழுதியது வந்தது. நீண்ட பதிவு. 'தோளில் தூக்கி வளர்த்த அண்ணா, என் வானம் இடிந்ததே' என்று. எங்கள் வீட்டுப் பதிவைவிட அதைத்தான் அதிகம் பேர் பகிர்ந்திருந்தார்கள். முழுக்கக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"போன் பண்ணினானா?"

நான் அடுப்படிக்குப் போய் அந்தத் தம்பியை அழைத்தேன்.

"உங்க அண்ணன் இங்க உக்காந்து மாத்திரை முழுங்கிட்டிருக்கார். அந்த இரங்கலை எடுத்துடுங்க."

"தெரியும் அண்ணி, காலையிலேயே சொன்னாங்க. ஆனா எழுத்து அவ்வளவு நல்லா விழுந்துடுச்சு. இத்தனை பேரு அழுதிருக்காங்க. எடுக்க மனசு வரல அண்ணி."

இன்றுவரை எடுக்கவில்லை. நேற்றுக்கூட யாரோ ஒருவர் அதன் கீழே அழுதிருக்கிறார்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், ஒலிபெருக்கியைப் பிடுங்காத தலைவருக்கும், அன்று மூச்சிரைக்க ஏறிவந்த அத்தனை கால்களுக்கும் என் நன்றி. வீட்டுக்குப் போனதும் யாருக்காவது எதையாவது அனுப்பும் முன், ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுங்கள். எல்லோரும் நன்றாக இருங்கள். நான் யார்மேலும் வருத்தம் வைத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒருவரைத் தவிர. அவர் என் கணவரோடு பிறந்த ஒரே தம்பி. மன்னிக்கமாட்டேன். வணக்கம்.